தோட்டத்திலிருந்து ஈப்போவுக்கு ஒரு கோடு

ஈப்போவில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் பொது மண்டபத்தில், இந்த நாட்டுக்கு யார் யார் எங்கிருந்து வந்து குடியேறினார்கள் என்று சுவர் நிறைய ஒரு வரைபடம் போட்டோம். கோடு இழுப்பவர் ஓய்வுபெற்ற சீன ஆசிரியர். தமிழர் பக்கத்து விவரம் என் பொறுப்பு. சீனாவிலிருந்து ஆறு கோடுகள் வந்து இறங்கியிருந்தன. நமக்கோ, மெட்ராஸிலிருந்து பினாங்குக்கு ஒரே ஒரு கப்பல் கோடு. இன்னும் நாலு கோடாவது சேர்க்காமல் விடுவதில்லை என்று எனக்கு ஒரே வீம்பு.

ஞாயிற்றுக்கிழமை, தேவாலயத்தில் பூசை முடிந்து வந்தவர்கள், கோயிலுக்குப் போய் வந்தவர்கள் என எல்லாரையும் மண்டபத்துக்கு இழுத்து வந்தேன். "உங்க ஆளுங்க எங்கேருந்து வந்தாங்களோ அங்க ஒரு ஊசிய குத்துங்க" என்று சிகப்புக் குண்டூசி டப்பாவைக் கொடுத்துவிட்டுத் தேநீர் கலக்கப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் தமிழ்நாட்டில் ஒரு ஊசிகூட இல்லை. தெலுக் இந்தான் பக்கம், ஆயர் தாவார் பக்கம் என்று இந்த நாட்டுக்குள்ளேயே, அவரவர் வேலை செய்த ரப்பர் தோட்டத்தில் குத்தி வைத்திருந்தார்கள்.

எனக்கு வந்ததே கோபம்! "அட கடவுளே, மானத்த வாங்கிட்டீங்களே! கப்பல் ஏறின எடத்த கேட்டா தோட்டத்த காட்டுறீங்க?"

எங்கள் குடியிருப்பின் காவலர் அசரவில்லை. "கப்பல நான் எங்க பார்த்தேன், அக்கா? தோட்டத்த வித்தப்ப சட்டி பானையோட லாரியில வந்தோம். அதான் தெரியும் லா."

நானும் அப்படி வந்தவள்தானே. ரப்பரை அழித்துச் எண்ணெய்க்குச் செம்பனை நட்டபோது, தொழிலாளர்களுக்குக் கொடுத்திருந்த லயத்து வீட்டைக் காலி பண்ணச் சொன்னார்கள். பால்மரம் சீவ மட்டுமே தெரிந்த அப்பா, ஈப்போ மார்க்கெட்டில் மூட்டை தூக்கி எங்கள் நாலு பேரையும் படிக்க வைத்தார். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு நெஞ்சு நிமிரும்.

அந்தக் கோட்டையும் போடுங்கள் என்று ஆசிரியரிடம் கேட்டேன். அவர் ஊசிகளைப் பிடுங்க ஆரம்பித்திருந்தார். "இது வெறும் பிண்டா ருமா" என்றார் மலாயில். வீடு மாறியதாம்!

"உங்க தாத்தா ஒரு பெட்டியோட, தெரிஞ்ச முகம் ஒண்ணுகூட இல்லாத ஊர்ல வந்து நின்னாரு. எங்கப்பாவும் அப்படித்தான் நின்னாரு. நடுவுல கடல் இல்ல, அவ்வளவுதானே சார்? கோடு போடாம நான் இங்கேருந்து நகர மாட்டேன்" என்று அவருக்குப் புரியும் மலாயிலேயே பொரிந்து தள்ளினேன்.

அவர் பிடுங்கியவற்றைத் திரும்பக் குத்தினார். பேனாவைத் திறந்து, தோட்டங்களிலிருந்து ஈப்போவுக்குத் தடிமனாக ஒரு கோடு இழுத்தார். ஒவ்வொரு கோட்டின் கீழும், அந்த மக்களைக் கொண்டு வந்தது யார் என்று எழுதுவது அவர் வழக்கம். எங்கள் கப்பல் கோட்டின் கீழே கங்காணி என்று எழுதியிருந்தார்.

"இவங்கள யாரு கொண்டு வந்தா?" என்று கேட்டார்.

"யாரும் கொண்டு வரல, சார். நாங்களே வந்தோம். அப்படியே எழுதுங்க."