கண்ணாடிக்குள் நின்றவள்

2023 ஆகஸ்ட் 15, செவ்வாய், காலை 10.40, கடும் வெயில். கொழும்புப் பெருந்தெருவில் பதினேழாவது கடையைத் தாண்டும்போது திடுக்கிட்டு நின்றேன். கண்ணாடிக்குள் நான்கு பெண் பொம்மைகள் உடுதுணியில்லாமல் நின்றன.

1955இல் இதே தெருவுக்குச் சிறுவனான என்னை வாப்பா கூட்டிவந்தார். மருதமுனையில் அவர் நெய்த மூன்று புடவைகளை விற்றால்தான் ஊர் திரும்பக் காசு. அன்றும் ஒரு கண்ணாடிக்குள் இப்படி ஒருத்தி நின்றாள். வாப்பாவின் முகம் வெளுத்துவிட்டது. கண்களை மூடிக்கொண்டு உள்ளே ஓடி, ஒரு புடவையை அவள்மேல் சுற்றினார்.

"நானா, அது பொம்மை," என்று முதலாளி வாப்பாவை அண்ணன் முறை சொல்லிச் சிரித்தார்.

"பொம்மையெண்டாலும் பொம்புளதானே," என்றார் வாப்பா.

"சரி, உங்கட புடவைய எடுங்க."

"உடுத்தினத உரியச் சொல்லுறீங்களா?"

அந்தப் புடவையை அவள்மேலேயே விட்டுவிட்டு வெளியே வந்தார். மற்ற இரண்டையும் விற்ற காசு ரயிலுக்கே சரியாயிருந்தது. மட்டக்களப்பில் ரயிலை விட்டிறங்கி, ஊருக்கு இருபத்திரண்டு மைல் நடந்தோம். அவருக்கு உறைக்கட்டும் என்று ஒவ்வொரு மைற்கல்லையும் நான் உரக்க எண்ணினேன்.

இன்று அந்தப் பதினேழாவது கடைக்குள் போய் நான்கு துப்பட்டா வாங்கினேன். அந்தப் பொம்மைகளுக்கே போர்த்தச் சொன்னேன்.

"அங்கிள், இதுகளுக்குத் தலைகூட இல்லையே," என்றாள் விற்பனைப் பெண்.

"ஓம் மகள், போர்த்துங்க."

ரூபா 3,800.