அக்கா சொன்ன புது வசனம்

உங்கள் அக்கா சிதம்பரத்தில் பல்கலைக்கழக நாடக மன்றத்தில் இருந்த முதல் வருஷத்தைப் பற்றி நீங்கள் ரெண்டு பேரும் அடிக்கடி கேட்கிறீர்கள். அவள் சொன்னால் சிரிப்பாகச் சொல்வாள். எனக்கு அப்படிச் சொல்ல வராது. அதனால் எழுதி வைக்கிறேன். பத்தாவதுக்கு மேல் நான் படிக்கவில்லை. தப்பு இருந்தால் பெரியவன் திருத்திப் படித்துக்கொள்.

மைக் செட் போடுவதுதான் என் தொழில் என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் எர்த் என்றால் என்னவென்று நான் உங்களுக்குச் சொன்னதில்லை. ஆம்ப்ளிஃபயர் பெட்டிக்குள் ஓடுகிற கரண்ட் சில சமயம் கசிந்து பெட்டியின் இரும்பு உடம்புக்கு வந்துவிடும். அங்கிருந்து மைக்குக்கும் மைக் ஸ்டாண்டுக்கும் போகும். அதை யாராவது தொட்டால் அவர்கள் உடம்பு வழியாகத்தான் மண்ணுக்கு இறங்கும். அப்படி ஆகக்கூடாது என்று பெட்டியில் ஒரு ஒயரைக் கட்டி, மறுமுனையை ஒரு கம்பியில் சுற்றி, கம்பியை ஈரமண்ணில் இறக்கிவிடுவோம். கசிகிற கரண்ட் அந்த வழியில் போய்விடும். எங்கள் ஊர் கடற்கரை ஊர். மணலில் ஒரு முழம் கம்பியை இறக்கினால் கீழே உப்புத் தண்ணீர் இருக்கும். கடலூரைச் சுற்றி இருபது வருஷம் அப்படித்தான் செய்தேன். ஒரு முழத்துக்கு மேல் நான் இறக்கியதே கிடையாது.

நம் வீட்டில் ஒரு வார்த்தை இருக்கிறது. மழைக்காலத்தில் பெட்டியைத் தொட்டால் விரலில் சுருக்கென்று இருக்கும். "கடிக்குதுப்பா" என்று அக்கா சின்னதில் சொல்வாள். நீங்களும் அப்படித்தான் சொல்வீர்கள். நான் போய் ஒயரைச் சரி செய்வேன். நம் வீட்டில் கடிக்குது என்றால் கரண்ட். வேற வீட்டில் அதற்கு நாய், எறும்பு, பாம்பு என்று அர்த்தம்.

கடிப்பது வேற, பிடிப்பது வேற. நீங்கள் பிறப்பதற்கு முன்னால் ஆடி மாசத் திருவிழாவில், தூறல் நேரத்தில், ஈரக் கையோடு மைக்கை எடுத்தேன். கரண்ட் பிடித்துக்கொண்டது. கை மூடியது, திறக்கவில்லை. பக்கத்தில் உங்கள் மாமா பீடா மென்றபடி நின்றான். கத்தணும் என்று நினைத்தேன், தொண்டை வேலை செய்யவில்லை. நான் ஏதோ விளையாடுகிறேன் என்று அவன் சிரித்தான். அப்புறம் என் கண்ணைப் பார்த்துவிட்டு ஒயரைப் பிடுங்கினான். அன்றிலிருந்து தண்ணீரும் மைக்கும் ஒரே இடத்தில் இருந்தால் என் கண் சுவிட்சைத்தான் தேடும்.

அக்கா மன்றத்தில் சேர்ந்தது ஆடியில். முதலில் சிதம்பரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் தெருநாடகம் போட்டார்கள். அதற்கு மைக்கே வேண்டாம். அப்புறம் குறிஞ்சிப்பாடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் சிரிப்பு நாடகம். அவர்களுக்குச் சொந்த செட் இல்லை. "எங்கப்பா போடுவாரு" என்று அக்கா சொல்லிவிட்டாள். அப்படித்தான் நானும் உங்கள் மாமாவும் குட்டியானை வண்டியில் பெட்டியை ஏற்றிக்கொண்டு அவர்கள் பின்னால் போக ஆரம்பித்தோம்.

மன்றத்துக்குத் தலைமை லால்பேட்டைப் பொண்ணு ஒருத்தி. கடைசி வருஷம் படித்தாள். நாடகத்தை எழுதுவது, சொல்லிக்கொடுப்பது, நடிப்பது எல்லாம் அவள்தான். ரொம்பக் கறார். "உங்க பொண்ணுக்கு சத்தம் பத்தல அங்கிள். மைக் செட்காரர் பொண்ணு, மைக்க நம்பியே பொறந்துடுச்சு போல" என்று என்னிடமே சொன்னாள். அக்கா முகம் சுருங்கியது. அன்றிலிருந்து காலையில் கடற்கரைக்குப் போய் அலைக்கு எதிராக நின்று வசனம் சொல்லிப் பழகினாள்.

கார்த்திகையில் மழை பிடித்தது. ஒத்திகை நின்றது. கடலூரில் நம் தெரு வரைக்கும் தண்ணீர் வந்ததே, அந்த மழைதான். அது வடிந்த பிறகு லால்பேட்டைப் பொண்ணு புதுசாக ஒரு நாடகம் எழுதினாள். வெள்ளத்தில் ஒரு வீடு. அப்பா படகு தேடிப் போயிருக்கிறார். அம்மாவும் மகளும் வீட்டுக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். மகள் மூன்று தடவை கூப்பிடணும்: "அப்பா, தண்ணி ஏறுதுப்பா." மூன்றாவது தடவை அம்மா தண்ணீரில் நடந்து வந்து மகளையும் கம்பத்தையும் சேர்த்துக் கட்டிக்கொள்வாள். மகள் உங்கள் அக்கா. அம்மா லால்பேட்டைப் பொண்ணு.

மாசியில் பண்ருட்டியில் ஒரு தடவை போட்டுப் பார்த்தார்கள். தண்ணீர் இல்லை, நீலத் துணியை விரித்தார்கள். ஜனங்களுக்குப் பிடித்திருந்தது. ஆனால் அவளுக்குப் போதவில்லை.

"கடைசி ஷோவுக்கு நெஜத் தண்ணி அங்கிள். தார்ப்பாய மடிச்சு தொட்டி மாதிரி கட்டி, கணுக்கால் அளவு நிறுத்தப் போறோம். மைக் ஸ்டாண்ட கம்பமா ஆக்கிடலாம். தேங்கா நார்க் கயிறு சுத்திட்டா கம்பம் மாதிரியே இருக்கும்."

"தண்ணி வேணாம்மா" என்றேன்.

"தண்ணி இல்லாம வெள்ளமா?"

"அப்ப ரப்பர் செருப்பாச்சும் போட்டுக்குங்க."

"வெள்ளத்துல மாட்டுன பொண்ணு செருப்பு போட்டுக்கிட்டா நிப்பா? ஏன் அங்கிள், எர்த் எர்த்னு சொல்வீங்களே, அது இருக்குல்ல?"

இருக்கு என்றேன். அக்கா என்னைப் பார்த்த பார்வை அப்படி. வருஷம் முழுக்க அவள் காத்திருந்த வேஷம் அது. நான் மறுத்திருக்கணும். மறுக்கவில்லை.

கடைசி ஷோ சிதம்பரத்துக்கு வெளியே ஒரு கல்யாண மண்டபத்தில். சாயங்காலம் அங்கே ரிசப்ஷன் இருந்ததால் நாடகம் மத்தியானம் மூன்று மணிக்கு. காலையிலேயே போய்விட்டோம். சுவரில் இருந்த பிளக் பாயிண்டில் மூன்றாவது ஓட்டையைச் சோதித்துப் பார்த்தேன், அதில் எர்த் இல்லை. பரவாயில்லை என்று மேடைக்குப் பின்னால் போய் என் கம்பியை ஒரு முழம் இறக்கினேன். ஒரு வாளி உப்புத் தண்ணீர் ஊற்றினேன். லைனுக்கும் கம்பிக்கும் நடுவில் ஒரு பல்பைப் போட்டுப் பார்த்தேன்; எர்த் சரியாக இருந்தால் எரியும், பளிச்சென்று எரிந்தது. உங்கள் மாமா, "போதும் மாமா, நீ இன்னும் ஊத்துனா கருவாடு போடலாம்" என்றான். நானும் சிரித்துக்கொண்டே உள்ளே வந்தேன்.

அந்த மண்டபம் பழைய குட்டையை இடிசல் கல்லும் செங்கலும் போட்டு மூடிக் கட்டியது. அது எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை. நம் ஊர் மணல் என்ற நினைப்பிலேயே இருந்தேன். நான் ஊற்றிய தண்ணீர் கல்லுக்கு நடுவில் ஓடிப் போய்விட்டது. பங்குனி வெயில் மேலே காய்ந்தது. மூன்று மணிக்குள் கம்பியைச் சுற்றி வெறும் புழுதி.

ஜன்னலுக்கெல்லாம் கருப்புத் துணி கட்டி மண்டபத்தை இருட்டாக்கினார்கள். மேடை ஓரத்தில் மெயின் சுவிட்ச் பக்கத்தில் நானும் உங்கள் மாமாவும். தொடங்குவதற்கு முன்னால் லால்பேட்டைப் பொண்ணு வந்து சொன்னாள்: "அங்கிள், எது நடந்தாலும் லைட்ட மட்டும் அணைச்சுடாதீங்க. குறிஞ்சிப்பாடில பண்ணீங்களே, அது மாதிரி." குறிஞ்சிப்பாடியில் என் கை பட்டு லைட் அணைந்து, நாடகமே கெட்டுப்போனது. பசங்க விசில் அடித்தார்கள். அன்றைக்கு அக்கா என்னோடு பேசவில்லை. அதனால் இந்தத் தடவை கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

வெள்ளக் காட்சி வந்தது. அக்கா வெறுங்காலோடு தண்ணீரில் இறங்கினாள். கயிறு சுற்றிய ஸ்டாண்டை ஒரு கையால் பிடித்தாள். சட்டென்று கையை எடுத்தாள். மறுபடியும் மைக் பக்கம் குனிந்து கூப்பிட்டாள்.

"அப்பா, கடிக்குதுப்பா."

உங்கள் மாமா என் காதில், "புது டயலாக்கா மாமா?" என்றான்.

"பாம்பு வருதுன்னு சேர்த்திருப்பாங்க" என்றேன். நன்றாக இருக்கிறதே என்றுகூட நினைத்தேன். நான்தான், உங்கள் அப்பன்தான், அப்படி நினைத்தேன். முன்வரிசையில் ஒரு அம்மா "ஐயோ பாவம்" என்றார்கள்.

அக்கா கை மறுபடி கயிற்றுக்குப் போனது. காட்சியில் அங்கேதான் கை இருக்கணும். கயிறு அதற்குள் நனைந்திருந்தது. இந்தத் தடவை அவள் ஜனங்களைப் பார்க்கவில்லை. தலையைத் திருப்பி மேடை ஓரத்தில் என்னைப் பார்த்தாள்.

"அப்பா. கடிக்குதுப்பா."

அவள் குரல் பாதியில் நடுங்கியது. அது வேஷத்துக் குரல் இல்லை. ஆறு வயசில் பெட்டியைத் தொட்டுவிட்டு ஓடி வருவாளே, அந்தக் குரல். அந்தப் பக்கம் லால்பேட்டைப் பொண்ணு மூன்றாவது தடவைக்குக் காத்திராமல் தண்ணீரில் கால் வைத்துவிட்டாள். ரெண்டு கையும் நீட்டிக்கொண்டு வருகிறாள். இன்னும் நாலு எட்டு. வந்ததும் ஸ்டாண்டையும் அக்காவையும் சேர்த்து இறுக்கிப் பிடிப்பாள். அப்புறம் ரெண்டு பேருக்கும் குரல் வராது. நடிப்பு என்று கூட்டம் கைதட்டும்.

மெயினைக் கீழே இழுத்தேன்.

மண்டபம் முழுக்க இருட்டு. ஒரு நிமிஷம் எதுவும் தெரியவில்லை. தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்டது. அவள் விழுந்த சத்தமா, நடக்கிற சத்தமா என்று தெரியவில்லை. அப்புறம் விசில் ஆரம்பித்தது. சுவிட்ச் கைப்பிடியை விடவும் முடியவில்லை.

"அங்கிள்." லால்பேட்டைப் பொண்ணு இருட்டில் என் எதிரே நின்றாள். "நான் என்ன சொன்னேன்? ஒண்ணே ஒண்ணுதான சொன்னேன்?"

உங்கள் மாமாதான், "இரும்மா, இரு" என்றான். பின்னாலேயே அக்கா வந்தாள். நனைந்த பாவாடையோடு நின்றாள். அவள் கையைத் தொட்டுப் பார்த்தேன். சில்லென்று இருந்தது, ஆனால் விரலை மடக்கினாள், நீட்டினாள்.

எல்லாரையும் மேடையை விட்டு இறக்கிவிட்டு மறுபடி மெயினைப் போட்டேன். செருப்பு போட்டுக்கொண்டு, தண்ணீருக்கு வெளியே நின்று, கரண்ட் இருந்தால் எரிகிற டெஸ்டரை ஸ்டாண்டில் வைத்தேன். உள்ளே சிவப்பாக எரிந்தது. லால்பேட்டைப் பொண்ணு அதைப் பார்த்தாள். தன் ரெண்டு கையையும் பார்த்தாள். அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். "எங்க அத்தா முன்வரிசைல உக்காந்திருக்காரு" என்றாள். அவர்கள் வீட்டில் அப்பாவை அத்தா என்பார்கள்.

மெயினை அணைத்துவிட்டுப் பின்னால் போய்ப் பார்த்தேன். கம்பி ஒற்றைக் கையில் இழுத்ததும் வந்துவிட்டது. அதில் ஈரமே இல்லை.

நான் உள்ளே வந்தபோது அக்கா சொல்லிக்கொண்டிருந்தாள்: "கதவெல்லாம் தொறந்து வுடுங்க. துணிய அவுருங்க. மைக் வேணாம்." பசங்க ஓடிப் போய் திறந்தார்கள். மூன்றரை மணி வெயில் உள்ளே வந்தது. ஸ்டாண்டைத் தூக்கிவிட்டு, பந்தல் மூங்கில் ஒன்றை நட்டு நாலு பேர் பிடித்துக்கொண்டார்கள். வெள்ளக் காட்சியை முதலிலிருந்து நடித்தார்கள். "அப்பா, தண்ணி ஏறுதுப்பா" என்று அவள் கூப்பிட்டது கடைசி வரிசை வரைக்கும் கேட்டது என்று அப்புறம் சொன்னார்கள். நான் சரியாகக் கேட்கவில்லை. அணைந்திருந்த மெயின் சுவிட்சைப் பிடித்துக்கொண்டே நின்றேன். யாராவது வந்து மறுபடி போட்டுவிடுவார்கள் என்று பயமாக இருந்தது.

திரும்பும்போது மூன்று பேரும் ஒரே வண்டியில் வந்தோம். புதுச்சத்திரம் தாண்டியதும் அக்கா கேட்டாள்.

"மொத தடவையே ஏம்பா அணைக்கல?"

"டயலாக்குனு நெனச்சேன்."

அவள் சிரித்தாள். உங்கள் மாமாவும் சிரித்தான். "நல்லா நடிச்சிருக்கேன் போல" என்றாள். அப்புறம், "மூணாவது தடவ சொல்ல முடியாதுன்னு தெரிஞ்சிச்சுப்பா. கை ஒட்டுற மாதிரி இருந்துச்சு" என்றாள். அதற்குப் பிறகு வீடு வரைக்கும் யாரும் சிரிக்கவில்லை.

அந்தப் பெட்டியைப் பிரித்து மாற்றிவிட்டேன். கம்பி இப்போது ஆள் உயரம் வைத்திருக்கிறேன். எந்த ஊருக்குப் போனாலும் முதலில் மண்ணைத் தோண்டிப் பார்க்கிறேன். கரண்ட் கசிந்தால் தானே அணைக்கிற சுவிட்ச் ஒன்றும் வாங்கி மாட்டியிருக்கிறேன். மன்றத்தில் இந்த வருஷம் தண்ணீர் வைத்து நாடகம் கிடையாது. அப்படியும் அக்கா மேடை ஏறினால் என் கண் அவள் முகத்துக்குப் போகாது, கைக்குத்தான் போகிறது.

இனிமேல் நம் வீட்டில் கடிக்குது என்று சொல்லாதீர்கள். அது யாருக்கும் புரியாத வார்த்தை. எனக்கே அன்றைக்குப் புரியவில்லை. சுருக்கென்று இருந்தால் "அணை" என்று சொல்லுங்கள். பக்கத்தில் நிற்பவன் யாராக இருந்தாலும் அணைப்பான். மன்றத்திலும் இப்போது அதுதான் வழக்கம். எல்லாரும் மைக்கில் ஒன் டூ த்ரீ சொல்லிச் சோதிப்பார்கள். உங்கள் அக்கா மைக்கைத் தொடுவதற்கு முன்னால் மேடையில் எட்டி நின்று "அணை" என்று ஒரு தடவை கத்துவாள். நான் மெயினை இழுக்கணும். இழுத்த பிறகுதான் அவள் கிட்டே போவாள். போன வாரம் கொஞ்சம் தாமதமாக இழுத்துவிட்டேன். மறுபடியும் முதலிலிருந்து செய்யச் சொன்னாள்.