முப்பத்தேழாவது ஓட்டை

அந்த ஆஸ்பத்திரியில் அவளுக்குப் பெயர் அட்டைக்காரம்மா. அங்கே எடுபிடி வேலை பார்ப்பவர்கள் பதிவுக் கவுன்ட்டருக்கு உயர வேண்டுமானால் ஆங்கிலத் தேர்வு ஒன்று எழுத வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை நடக்கும் அந்தத் தேர்வின் விடைத்தாள்களைத் திருத்துவது அவள் வேலை. திருத்துவது என்றால் ஏதோ வாசித்துப் பார்த்து மார்க்கு போடுவாள் என்று நினைத்துவிட வேண்டாம். கேள்வித்தாள் எப்போதும் ஒன்றேதான் என்பதால், ஐம்பது ஓட்டை போட்ட அட்டை ஒன்று உண்டு. அதை விடைத்தாளின் மேல் வைக்க வேண்டும். ஓட்டைக்குள் பென்சிலால் கறுத்த வட்டம் தெரிந்தால் மார்க்கு. வெள்ளையாகத் தெரிந்தால் இல்லை. நாற்பது எடுத்தால் பாஸ்.

கேள்வித்தாளை அவள் பார்த்ததே இல்லை. பார்த்தாலும் புரியாது. பள்ளிக்கூட நாளிலிருந்தே இங்கிலீஷ் அவளுக்கு ஏறவே இல்லை. இது ஆபீசில் ஒரு ஈ காக்காய்க்கும் தெரியாது. இங்கிலீஷ் பேப்பர் திருத்துகிறவளுக்கு இங்கிலீஷ் தெரியாது என்று யாருக்குத்தான் தோன்றும்?

முப்பத்தேழாவது கேள்விக்கு அவள் வைத்திருந்த பெயர் கழுத்தறுப்பான். குருட்டாம்போக்கில் வட்டம் போடுகிறவர்கள் அதில் தப்பித்துவிடுவார்கள். விழுந்து விழுந்து படித்தவர்கள்தான் வரிசையாக மாட்டுவார்கள். அந்தப் பகுதியே அப்படி என்று எழுதியவர்களும் சொன்னார்கள். பார்த்தால் பன்மை, உள்ளே ஒருமையாம். 'எவ்ரிபடி' என்றால் ஊரே அடக்கம், ஆனாலும் ஒருமை. 'நியூஸ்' என்று இழுத்து முடித்தாலும் ஒருமை. இந்த இழவை எவன் கண்டுபிடித்தான் என்று புலம்பிவிட்டு, தோற்றவர்கள் தங்கள் மண்டையைத்தான் நொந்துகொண்டார்கள். அட்டையை ஒருவரும் நோகவில்லை.

அவளுடைய அறையைப் பெருக்க வருகிறவளும் அப்படித் தோற்றவள்தான். மூன்று தடவைதான் எழுதலாம். மூன்றையும் எழுதித் தீர்த்துவிட்டாள். அதற்கு மேல் வாய்ப்புக் கிடையாது. "எங்க வம்சத்துக்கே இங்கிலீஷ் வராதுக்கா" என்று சொல்லிச் சிரிப்பாள். அட்டைக்காரம்மாவும் கூடச் சிரிப்பாள்.

இந்தத் தடவை லிஃப்ட்டுக்குக் கடைசி வாய்ப்பு. லிஃப்ட்டு என்பது லிஃப்ட் ஓட்டுகிற பெண்ணின் பட்டப்பெயர். ஸ்டூலில் உட்கார்ந்து, மடியில் நோட்டை வைத்துக்கொண்டு, மாடிக்கு மாடி நடுவில் படிப்பாள். வருஷக் கடைசியில் தானாக ஓடும் லிஃப்ட் வருகிறது, ஸ்டூலுக்கும் அவளுக்கும் சேர்த்து விடை கொடுத்துவிடுவார்கள். கவுன்ட்டருக்குப் போனால்தான் பிழைப்பு. முன்பு எழுதிய இரண்டு தடவையும் முப்பத்தொன்பது.

தேர்வுக்கு முதல் நாள் லிஃப்டில் வேறு யாரும் இல்லாதபோது அட்டைக்காரம்மாவுக்கு மனசு கேட்கவில்லை.

"இங்க பாரு, நான் சொன்னேன்னு யார்கிட்டயும் சொல்லிடாத. முப்பத்தேழுல முதல் வட்டத்தைக் கறுத்துடு."

"அந்த 'ஈச் ஆஃப் த கீஸ்' சாவிக் கேள்வியா? அது ரெண்டாவது வட்டம்க்கா."

"சொன்னதைச் செய்டி."

"எட்டுப் பேர் ஏறினாலும் நான் ஒவ்வொருத்தரா எந்த மாடின்னுதானே கேக்குறேன்? அதுமாதிரிதான்க்கா. சாவி எத்தனை இருந்தாலும், ஒவ்வொண்ணும்னு ஆரம்பிச்சாச்சுன்னா ஒருமைதான். எனக்கு நல்லாத் தெரியும்."

"அட்டையை விட உனக்குத் தெரியுமா?"

லிஃப்ட்டு சிரித்துவிட்டாள். "ஏன்க்கா, அட்டை எந்த ஸ்கூல்ல படிச்சுது?"

நல்லதுக்குக் காலமில்லை என்று முணுமுணுத்துக்கொண்டே அட்டைக்காரம்மா இறங்கினாள். ஆனால் அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அட்டை எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தது என்று அவளுக்குத் தெரியும்.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் பழைய அட்டை நைந்துபோனது. அதைப் புது அட்டையின் மேல் வைத்து, ஓட்டைகள் வழியாகப் பென்சிலால் புள்ளி வைத்து, பஞ்ச் மெஷினால் துளை போட்டவள் அவளேதான். முப்பத்தேழுக்கு வந்தபோது கை நின்றது. பழைய ஓட்டை கிழிந்து, முதல் வட்டத்தையும் இரண்டாவது வட்டத்தையும் சேர்த்துக் காட்டியது. அதிகாரியிடம் போய் எது என்று கேட்டிருக்கலாம். "கேள்வியைப் படிச்சுப் பார்த்தாத் தெரியாதாம்மா?" என்று அவர் திருப்பிக் கேட்டால்? அந்தப் பயத்தில், கிழிசல் எந்தப் பக்கம் கொஞ்சம் அதிகம் என்று உற்றுப் பார்த்தாள். முதல் வட்டத்தின் பக்கம் என்று தோன்றியது. துளையைப் போட்டுவிட்டு அதை மறக்கவும் பழகிக்கொண்டாள். பாவம், மறக்கத்தான் முடிந்தது, திருத்த முடியவில்லை.

தேர்வு முடிந்தது. மறுநாள் காலை லிஃப்ட்டின் தாள் மேல் அட்டையை வைத்தாள். முப்பத்தேழில் வெள்ளை. மொத்தம் முப்பத்தொன்பது.

ஒரு டிக் போட்டால் போதும். கேட்பார் கிடையாது. லிஃப்ட்டும் பிழைப்பாள், தானும் பிழைப்பாள். பேனாவை எடுத்தேவிட்டாள்.

"காலைத் தூக்குங்கக்கா" என்று பெருக்குகிறவள் துடைப்பத்தோடு குனிந்தாள். "நான் இன்னைக்கு நாலு மணிக்குக் கிளம்பிடுவேன். பொண்ணு ஸ்கூலுக்குப் போகணும்."

"என்ன விஷயம்?"

"அவளை இங்கிலீஷ் கிளாஸ்ல போட்டிருக்காங்க. வேண்டாம், வேற கிளாஸுக்கு மாத்துங்கன்னு எழுதிக் குடுக்கப் போறேன். அது அழுவுது. தாய்க்கு வராதது பிள்ளைக்கு எங்கேருந்து வரும்? என்னை மாதிரி மூணு தடவை அவமானப்படவா?"

அவள் போன பிறகு அட்டைக்காரம்மா பேனாவை மூடினாள். பீரோவைத் திறந்து பழைய கட்டுகளை இறக்கினாள். பெருக்குகிறவளின் மூன்று தாள்களும் கிடைத்தன. மூன்றிலும் முப்பத்தேழில் இரண்டாவது வட்டம் அழுத்தி அழுத்திக் கறுத்திருந்தது. கடைசித் தாளில் மொத்தம் முப்பத்தொன்பது. அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. அந்த 'வம்சத்துக்கே வராது' என்ற பேச்சுக்கு எத்தனை நாள் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறாள்!

அட்டையையும் தாள்களையும் எடுத்துக்கொண்டு லிஃப்டுக்குப் போனாள்.

"எந்த மாடிக்கா?"

"அதிகாரி மாடி."

லிஃப்ட்டின் கண் அந்தத் தாள்கள் மேல் போயிற்று. ஆனால் ஒன்றும் கேட்கவில்லை. அந்த நல்ல குணம்தான் அட்டைக்காரம்மாவை அதிகம் வதைத்தது.

அதிகாரி கேள்வித்தாளைப் பிரித்துப் படித்தார், அட்டையை வைத்துப் பார்த்தார், மறுபடியும் படித்தார்.

"ரெண்டாவதுதான் சரி. என்னம்மா இது, அன்னைக்கே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

"கேட்டா எனக்கு இங்கிலீஷ் தெரியாதுன்னு தெரிஞ்சுடும் சார்."

இருபது வருஷமாகக் கட்டிக்காத்த ரகசியம். அவள் வாயாலேயே வெளியே வந்துவிட்டது. அதிகாரி கேள்வித்தாளை மடித்து வைத்தார். பிறகு, விசாரணை இருக்கும், அட்டையை இனி அவள் தொடக் கூடாது, ஃபைல் அறைக்கு மாற வேண்டியிருக்கும் என்றார். லிஃப்ட்டு பாஸ் என்று எழுதினார்.

"பழைய தாளெல்லாம் இருக்கு சார். அஞ்சு வருஷத்துத் தாள்."

"எல்லாத்தையுமா?"

"ஒவ்வொண்ணா சார். நான் எடுத்துத் தரேன், நீங்க பாருங்க."

பார்க்கலாம் என்று பெருமூச்சு விட்டார். வயது தாண்டியவர்களுக்குக் கவுன்ட்டர் கிடைக்காது என்பதையும் சொன்னார். பெருக்குகிறவளுக்கு வயது தாண்டி இரண்டு வருஷம் ஆகிறது.

அட்டைக்காரம்மா தன் அறைக்குத் திரும்பியபோது மூன்றரை மணி. பெருக்குகிறவள் சாயங்காலப் பெருக்கலில் பாதி முடித்திருந்தாள். அட்டைக்காரம்மா அவளிடம் சுற்றி வளைக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். கவுன்ட்டர் இனி இல்லை என்பதையும் சொன்னாள். திட்டுவாள், மண்ணை வாரி இறைப்பாள் என்று எதிர்பார்த்து நின்றாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அப்ப நான் பாஸாக்கா?"

"பாஸ்."

"மக்கு இல்லையா நான்?"

"நான்தான்டி மக்கு."

பெருக்குகிறவள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அதை ஒரு பேப்பர்ல எழுதிக் குடுங்கக்கா. வாயால சொன்னா எம்பொண்ணு நம்பமாட்டா. நான் அவகிட்ட அவ்வளவு சொல்லி வெச்சிருக்கேன்."

அட்டைக்காரம்மா எழுதினாள். இவர் ஆங்கிலத் தேர்வில் நாற்பது மதிப்பெண் பெற்றுத் தேறியவர். தவறு அட்டையில் நேர்ந்தது என்று எழுதி, 'அட்டையில் நேர்ந்தது' என்பதை அடித்துவிட்டு, 'என்னுடையது' என்று மாற்றிக் கையெழுத்துப் போட்டாள்.

பெருக்குகிறவள் அதை நாலாக மடித்துக் கைக்குள் பொத்திக்கொண்டாள். மகள் அந்த வகுப்பிலேயே இருக்கட்டும் என்று சொல்லப் பள்ளிக்கூடத்துக்கு ஓடினாள்.

மீதிப் பாதி அறையை அட்டைக்காரம்மா பெருக்கினாள்.