இரண்டு விழாத ஆம்ப்ரோஸ்

பித்தளை லோட்டாவில் பகடையைப் போட்டு, உள்ளங்கையால் மூடிக் குலுக்கி, துணி வெட்டும் பலகையில் கவிழ்க்கிறார் ஆம்ப்ரோஸ். மூன்று. மூன்றாவது சாசரில் ஒரு காக்கிப் பொத்தானைப் போடுகிறார். மறுபடி லோட்டா.

"ஆறு சாசரையும் பட்டனுக்குக் குடுத்துட்டா காபியை எதுல ஊத்துறது, உங்க தொப்பியிலயா?" என்கிறார் அவர் மனைவி பிரிஜெட் அக்கா.

காக்ஸ் டவுனில் பட்டாளத்துக்குச் சட்டை தைப்பவர் ஆம்ப்ரோஸ். அளவு நாடாவைக் கழுத்திலிருந்து கழற்றாமலே பூசையில் நன்மை வாங்க வந்துவிடுவார். தையல் நேர், ஆள்தான் கொஞ்சம் கோணல்.

பகடை எங்கள் மாதா கோயிலுடையது. கோயில் கட்டச் செங்கல் சுமந்த ஆறு குடும்பங்களுக்கு ஆளுக்கொரு எண் உண்டு. திருவிழாவன்று சாமியார் பகடை உருட்டுவார். விழுந்த எண்ணுக்குரிய வீட்டார்தான் சப்பரத்தின் முன்கொம்புக்குத் தோள் கொடுக்கலாம். ஆம்ப்ரோஸின் எண் இரண்டு. அவருடைய அப்பா தூக்கியதோடு சரி. இவர் தலையெடுத்த பிறகு இரண்டு விழவே இல்லை.

"ஆறு பக்கம், ஆறு வீடு. எல்லாம் பராபரா, சரிசமமா வரணுமா இல்லையா? இதுல ஏதோ கள்ளம் இருக்கு சாமி!" என்று சண்டைக்குப் போனார்.

"போட்டுப் பாரும். கள்ளம்னு தெரிஞ்சா வேற வாங்கிடலாம்" என்று சிரித்துக்கொண்டே பகடையைக் கொடுத்தனுப்பினார் சாமியார்.

முதல் நாள் இரண்டாம் சாசரில் மூன்றே பொத்தான்கள்; ஐந்தாம் சாசரில் குவியல். "பாத்தியா பிரிஜெட்!" என்று தெருவுக்கே கேட்கக் கத்தினார். போடப் போட அந்தச் சந்தோஷம் தேய்ந்தது. இரண்டாம் சாசர் மெல்ல மெல்ல எட்டிப் பிடித்தது. விழுந்த எண்ணை அவர் உரக்கச் சொல்லிச் சொல்லி, அடுத்த வீட்டில் ஜெபமாலை உருட்டும் நானே ஒருநாள் இரண்டு மணிகளுக்கு நடுவில் "நாலு" என்று சொல்லிவிட்டேன். மாதா மன்னிக்க வேண்டும்.

கொடியேற்றத்தன்று ஆறு சாசரும் ஏறக்குறைய ஒரே மட்டம்.

"நல்ல பகடைதான்" என்றார், எழவு சொல்ல வந்தவர் குரலில். பிறகு முகம் தெளிந்தது. "இத்தினி வருஷம் வரல இல்ல? அப்ப இந்தத் தடவை வந்துதானே ஆகணும்?"

"போன வருஷம் என்ன விழுந்துச்சுன்னு அதுக்கு ஞாபகம் இருக்குமா? சும்னே பேசாம துணியை வெட்டுங்க" என்றார் பிரிஜெட் அக்கா.

திருவிழாவன்று கோயில் வாசலில் சாமியார் உருட்டினார். கல்லில் குதித்து ஓடிய பகடை, மணியடிக்கும் கோயில்பிள்ளை ஓஸ்வால்டின் கால்விரலில் முட்டி நின்றது.

இரண்டு.

"வாங்கண்ணே, தோள் குடுங்க!" என்று கூவினார் ஓஸ்வால்ட். கொட்டு முழங்கியது. ஆம்ப்ரோஸுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆனாலும் பார்வை பகடையை விட்டு நகரவில்லை.

"ஒரு தரம் விழுந்ததை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது சாமி. இன்னொருக்கா…" என்று குனிந்து கை நீட்டினார்.

பிரிஜெட் அக்கா முந்திக்கொண்டார். பகடையை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, மற்றக் கையால் கணவரைச் சப்பரத்தின் பக்கம் தள்ளினார்.