தண்ணீர்த்தொட்டியும் பால்மரமும்

தான் சீவும் பட்டையை வெயிலுக்கு நேரே பிடித்தால் அதன் வழியாகப் பத்திரிகையே படிக்கலாம் என்பாள் அழகம்மா. முழுப் பத்திரிகை இல்லை, தலைப்பு எழுத்து மட்டும் என்று கேட்பவர் முகத்தைப் பார்த்து அவளே குறைத்துக்கொள்வாள். ஆனாலும் மெர்போக் வட்டாரத்தில் ரப்பர் மரத்துக்கு வலிக்காமல் பால் வெட்டத் தெரிந்தவர்களை எண்ணினால் அவளிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

பிறந்தது சுங்கை லாலாங் தோட்டத்தில். பள்ளியில் படிவம் ஐந்து வரை படித்தபோது உயிரியலில் கெட்டிக்காரி. பிறகு கையுறைத் தொழிற்சாலையில் பதினொரு வருடம். கழிப்பறைக்குப் போகவும் நிமிடம் குறித்த மேற்பார்வையாளரிடம், "என் வயிறு ஒங்க கடிகாரத்தப் பாத்து வேல செய்யாது சார்" என்று சொல்லிவிட்டுப் பால் வெட்டும் கத்திக்குத் திரும்பியவள்.

கடைசியாக அவள் கைக்கு வந்தது கென்னத்தின் அப்பா விட்டுப்போன முந்நூறு மரம். மூன்று வருடமாக யாரும் வெட்டாத மரங்கள். அழகம்மா வெட்ட, மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணங்களில் வடிந்த பாலை, கூட வேலை செய்யும் இராசாத்தி வாளியில் சேர்த்தாள். முதல் இரண்டு தடவை வெட்டியும் அரை வாளிக்கு மேல் தேறவில்லை. சுங்கை பட்டாணியில் பம்பு செய்யும் இடத்தில் பொறியாளரான கென்னத், வாளிக்குள் குச்சியை விட்டு அளந்து பார்த்து, மரங்கள் வறண்டுவிட்டன என்று முடிவு கட்டினான். திங்கட்கிழமை மெஷின் வரும், சாய்த்துவிட்டு எண்ணெய்ச் செம்பனை போடலாம் என்றான். சாய்ந்தால் அழகம்மாவின் பிழைப்பும் சேர்ந்து சாயும்.

பட்டைக்குள் நுண்ணிய குழாய்கள், அதில் அழுத்தம். அழுத்தம் இருந்தால் பால், இல்லாவிட்டால் இல்லை, அவ்வளவுதான் என்று விளக்கினான். சொன்னதில் பிழையில்லை, அவளும் படித்ததுதான். அந்த 'அவ்வளவுதான்' தான் அவளைக் கிளப்பிவிட்டது.

"தம்பி, ஒங்க வீட்டுத் தண்ணித்தொட்டியில ஓட்ட போட்டா எப்ப அதிகமா வரும்?"

"மொதல்லதான் ஆன்ட்டி."

"இதுக்கு மொதல்லதான் கம்மி. வெட்ட வெட்டத்தான் முழிச்சுக்கிட்டுச் சுரக்கும். காயம் பட்டா கூடுதலா ஊத்துற பம்பு ஒண்ணு ஒங்க பாக்டரில காட்டுங்க, இன்னிக்கே கத்திய வச்சிடறேன்."

கென்னத் விடவில்லை. மரத்துக்குள் இருப்பதும் அணுதான், அணுவுக்கு ஒரே விதிதான், கணக்குதான் கொஞ்சம் நீளம் என்றான். அந்த நீளக் கணக்கைப் போட்டு முடித்தவர் யார் என்று கேட்டாள் அவள். அணுவுக்குக் காயம் என்றால் என்னவென்று தெரியாது, மரத்துக்குத் தெரியும். அணு மீறாதது அணுவின் விதி என்றால், மரம் செய்வது மரத்தின் விதி. ஒருநாள் விட்டு ஒருநாள், மொத்தம் பத்து வெட்டு. அதுவரை மெஷின் இந்தப் பக்கம் வரக்கூடாது என்றாள். எத்தனை லிட்டர் கூடும், எண்ணைச் சொல்லுங்கள் என்று மடக்கினான்.

"எண்ணு தெரியாது. கூடும். கூடலன்னா மொத மரத்தச் சாய்க்க நானே கயிறு கட்டறேன்."

அந்த முகத்தைப் பார்த்தபின் அவனால் மறுக்க முடியவில்லை. நடுவே மழை இரண்டு நாளைத் தின்றது. ஐந்தாம் வெட்டில் ஒரு வாளி நிறைந்தது. பத்தாம் வெட்டில் மூன்று வாளி நிறைந்து நான்காவதை எடுக்க இராசாத்தி ஓடினாள். கென்னத் குச்சியை விட்டு இரண்டு தடவை அளந்தான். பிறகு மெஷின்காரனைக் கூப்பிட்டு, மரங்கள் நிற்கட்டும், வர வேண்டாம் என்றான்.

"ஆனா இதுவும் பிசிக்ஸ்தான் லா ஆன்ட்டி."

"இருந்துட்டுப் போகட்டும். நீங்க ஒண்ண மட்டும் எழுதி வச்சுக்குங்க. வெட்டினா பால் கூடும். எல்லா மரத்துக்கும் இதுதான் சட்டம், தப்பவே தப்பாது."

வாளியைக் கழுவிக்கொண்டிருந்த இராசாத்தி நிமிராமலே சொன்னாள்.

"அப்படி எழுதாதீங்க தம்பி. மேட்டுப் பக்கம் பதினாறு மரம் பால் கூடாம மொத நாள் மாதிரியேதான் கெடக்கு. அந்த மங்க எல்லாம் அக்கா எட்டிக்கூடப் பாக்கல."