டிவியை வெயிலுக்குக் கொண்டுவரச் சொன்னவர்

எங்கள் வீட்டு டிவிக்கு ஒன்றுமே ஆகவில்லை. இதை நான் அன்றைக்கும் சொன்னேன், இன்றைக்கும் சொல்கிறேன். என் வீட்டுக்காரர் கேட்டால்தானே! "கலர் போயிடுச்சு, எல்லாம் பழுப்படிக்குது, நீலமே வர மாட்டேங்குது" என்று தினமும் ரிமோட்டைப் போட்டு அமுக்கு அமுக்கென்று அமுக்கிக்கொண்டிருந்தார். எனக்கு எல்லாம் நன்றாகத்தான் தெரிந்தது. மனுஷனுக்குப் பெரிய டிவி வாங்க ஆசை வந்துவிட்டது, அதற்கு ஒரு சாக்கு தேடுகிறார் என்றுதான் நினைத்தேன்.

ஆசையில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆரணியில் எங்களை மாதிரி சின்னப் பட்டு வியாபாரிகளுக்கு வீட்டு ஹால்தான் கடை. பாயை விரித்து அதன்மேல் வெள்ளைத் துணியைப் போட்டு, புடவைகளைப் பிரித்துப் பிரித்துக் காட்டுவோம். கல்யாண வீட்டுப் பெண்கள் உட்கார்ந்தால் லேசில் எழுந்திருக்க மாட்டார்கள். கூட வந்த ஆண்கள் பாவம், கொட்டாவி விட்டபடி டிவியைப் பார்ப்பார்கள். சமீபமாக இவர் தறியில் இருக்கும் புடவைகளைப் போனில் படமெடுத்து, அந்த டிவியிலேயே காட்டவும் ஆரம்பித்திருந்தார்.

"டிவி கலரைத் தப்பா காட்டினா என் பேரு இன்னாத்துக்கு ஆவும்?" என்றார்.

பேர் என்று அவர் சொன்னது வெறும் வாய்ப்பேச்சு இல்லை. நிறம் பார்ப்பதில் அவருக்கு ஊரில் ஒரு மரியாதை உண்டு. புடவை உடலுக்கு எந்த பார்டர் சேரும், சாயம் ஒரு சொட்டு கூடிப்போச்சா குறைஞ்சுபோச்சா என்றெல்லாம் கேட்டுக்கொண்டு எங்களைவிடப் பெரிய வியாபாரிகளே வாசலில் வந்து நிற்பார்கள். எங்கள் பிழைப்பு ஓடுவதே அந்தக் கண்ணால்தான்.

அந்தச் சமயத்தில்தான் வேட்டிச் சண்டையும் நடந்துகொண்டிருந்தது. நான் துவைத்த வேட்டி வெளுக்கவில்லையாம், மஞ்சளாகவே இருக்கிறதாம். சோப்பை மாற்றினேன். ஊறவைத்து அடித்துத் துவைத்தேன். அப்போதும் மஞ்சள்தானாம். கடைசியில் அவரே வாளியில் சொட்டு நீலத்தை ஊற்றிக் கலக்கினார். வேட்டி ஆகாய நிறத்துக்கு வந்துவிட்டது. அதைக் கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போய் வந்தார். பக்கத்து வீட்டம்மா என்னைப் பிடித்துக்கொண்டு, "இன்னாக்கா, உங்க வீட்டுக்காரர் கட்சி கிட்சி மாறிட்டாரா?" என்று கேட்டாள். எனக்கு மானம் போனது. உள்ளே வந்து அவரிடம் அரை நாள் பேசவில்லை. அப்போதாவது என் மரமண்டைக்கு ஏதாவது எட்டியிருக்க வேண்டும்.

பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இருக்கும் பெரிய ஷோரூமுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை பைக்கில் போனோம். வழியில் ஒரு ஸ்பீடு பிரேக்கரில் அப்படியே ஏற்றி இறக்கினார். நான் கத்தினேன். "ரோடு போட்டிருக்கிற லட்சணம்" என்று நகராட்சியைத் திட்டினார்.

ஷோரூமில் ஒரு சுவர் முழுக்க டிவி. எல்லாவற்றிலும் ஒரே படம்தான்: பூ, மயில், கடல், மறுபடியும் பூ. டை கட்டிய விற்பனைக்காரர் ஒருவர் எங்களை ஒரு கதவு அளவுக்கு இருந்த டிவி முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். எனக்குப் பார்த்த உடனே பிடித்துவிட்டது. இவர் உதட்டைப் பிதுக்கினார்.

"வெயில்ல பாக்கணுமே" என்றார்.

"என்ன சார்?"

"டிவிய அந்த வாசல்கிட்ட கொஞ்சம் எடுத்துகினு வாங்க. லைட்டு வெளிச்சத்துல பாத்தா கலர் தெரியாது."

பட்டுத் தொழிலில் யாரும் விளக்கு வெளிச்சத்தில் நிறம் பார்க்க மாட்டார்கள். நூலோ புடவையோ, வாசலுக்கு எடுத்துவந்து வெயிலில் பிடித்துப் பார்த்தால்தான் நம்பிக்கை. அதற்காக ஆளுயர டிவியையா வாசலுக்குத் தூக்கிவரச் சொல்வது! எனக்குச் சிரிப்பு பீறிக்கொண்டு வந்தது. விற்பனைக்காரரும் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "சார், வெயில்ல வச்சா படமே தெரியாது. நீங்க இந்த பிளாக்கைப் பாருங்க. மத்த டிவில கறுப்பு சாம்பலா அடிக்கும். இதுல கறுப்புன்னா சுத்தக் கறுப்பு" என்றார். படத்தில் ராத்திரி வானம் வந்தது. மை மாதிரி கறுப்பாகவே இருந்தது.

"கறுப்பு இன்னான்னு எனக்கே சொல்றியா?" என்றபடி இவர் சட்டைப் பையில் கைவிட்டார்.

மேட்சிங் பார்ப்பதற்காக அந்தப் பையில் எப்போதும் ஒரு துண்டு பட்டு நூல் கிடக்கும். அன்றைக்குக் கிடந்தது சென்னைக் கடைக்காரர் ஒருவரின் ஆர்டருக்கான நூல். கறுப்பு உடல், குங்குமச் சிவப்பு பார்டர். நீளவாக்கில் ஓடும் கறுப்புப் பாவு ஏற்கெனவே தறியில் ஏறிவிட்டது. குறுக்கே ஓட்ட வேண்டிய ஊடை நூலை முந்தின நாள்தான் பீரோவிலிருந்து இவரே எடுத்து, தேவிகாபுரத்து நெசவாளரிடம் கொடுத்தனுப்பினார். அதில் ஒரு இழைதான் பையில் இருந்தது.

நூலை எடுத்து டிவியின் ராத்திரி வானத்துக்கு நேரே பிடித்தார். "இதோ பாரு. இதான் கறுப்பு. உன் டிவி கறுப்பு இதுல பாதிகூட இல்ல."

விற்பனைக்காரர் நூலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "சார், அது நேவி ப்ளூ சார்" என்றார், குரலைத் தாழ்த்தி.

அவர் சொன்னது சரி. அது கருநீலம். பீரோவில் கறுப்புக் கட்டும் கருநீலக் கட்டும் பக்கத்துப் பக்கத்தில்தான் இருந்தன. வேட்டி ஞாபகம் வந்தது. டிவியில் வராத நீலம் ஞாபகம் வந்தது. அந்த ஸ்பீடு பிரேக்கரும் வந்தது. ஐயோ கடவுளே, இந்த மனுஷன் பின்னால் உட்கார்ந்தா இவ்வளவு தூரம் வந்தேன்!

இவருக்கு முகம் சிவந்துவிட்டது. "யார்கிட்ட இன்னா பேசற? பட்டுலயே பொறந்து வளந்தவன் நான். வா வெளியில. வெயில்ல பாத்துடலாம்!"

"விடுங்க, வாங்க வீட்டுக்குப் போலாம்" என்று கையைப் பிடித்தேன். உதறிவிட்டு விறுவிறுவென்று வாசலுக்கு நடந்தார். விற்பனைக்காரர் பின்னாலேயே ஓடினார். வாஷிங் மெஷின் பார்த்துக்கொண்டிருந்த ஒரு குடும்பமும் வேடிக்கை பார்க்க வந்துவிட்டது. அதில் இருந்த ஆண் எங்களைப் போலவே பட்டு வியாபாரி. தெரிந்தவர். அவரை மட்டும் அங்கே பார்க்காமல் இருந்திருக்கலாம் என்று இருந்தது.

உச்சி வெயில். படியில் நின்று நூலைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார். நூல் பளீரென்று நீலமாக மின்னியது. குழந்தைகூடச் சொல்லும் அது நீலமென்று. இவர் மட்டும் அண்ணாந்து பார்த்து, "இப்ப சொல்லு. இது இன்னாவாம்?" என்றார்.

விற்பனைக்காரர் டையைச் சரிசெய்தார். அந்த வியாபாரி தரையைப் பார்த்தார். ஒருவரும் பேசாததுதான் இவரை உறுத்தியிருக்க வேண்டும். எல்லார் முகத்தையும் ஒரு சுற்று பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினார்.

"நீ சொல்லுடி. இது இன்னா கலரு?"

கறுப்பு என்று சொல்லிவிட்டால் அந்த இடத்தில் அவர் மானம் தப்பிக்கும். வீட்டுக்குப் போய்ப் பக்குவமாகப் பேசிக்கொள்ளலாம். நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது. ஆனால் தேவிகாபுரத்தில் தறி ஓடிக்கொண்டிருக்கிறது. இந்த மனுஷன் இங்கிருந்து பைக்கை எடுக்கப் போகிறார். இப்போது கறுப்பு என்றால் நாளைக்கு எதை என்னவென்று சொல்வேன்?

"நீலங்க" என்றேன். "கருநீலம்."

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நூலைக் கீழே இறக்கி, கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். தள்ளிப் பிடித்துப் பார்த்தார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். அந்த முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

பிறகு போனை எடுத்து நெசவாளரைக் கூப்பிட்டார். ஸ்பீக்கரில் போட்டுப் பேசுவது அவர் வழக்கம். அன்றைக்கும் மறக்காமல் அப்படியே போட்டார்.

"தறிய நிறுத்துப்பா. ஊடை நூல் இன்னா கலர் கீது?"

"நீலந்தாங்க முதலாளி. கறுப்புப் பாவுல நீலம் ஓடுதேன்னு பாத்தேன். டபுள் ஷேடு கேட்டிருக்கீங்கன்னு நெனச்சேன். ஒரு முழத்துக்கு மேல ஓடிடுச்சுங்க."

"டபுள் ஷேடு இல்லப்பா. மாத்திக் குடுத்துட்டேன்."

"நீங்களா?" என்று நெசவாளர் சிரித்தார். "வெளையாடாதீங்க முதலாளி. உங்க கண்ணுல போயி தப்பு வருமா?"

ஏதாவது ஒரு சாக்கு சொல்வார் என்று எதிர்பார்த்தேன். பீரோவில் நான் மாற்றி வைத்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம், நான் பேசாமல் இருந்திருப்பேன். அவர் சொல்லவில்லை. அத்தனை பேர் முன்னாலும், "இல்லப்பா, எனக்குக் கண்ணு தெரியல" என்றார். போனை வைத்துவிட்டார்.

விற்பனைக்காரர் என்ன செய்வதென்று தெரியாமல், "மேடம், அப்ப அந்த மாடல்..." என்றார். "டிவி எங்கயும் ஓடிடாது! இருங்க" என்று கத்திவிட்டேன். பாவம், அவர் மேல் என்ன தப்பு.

அந்த வியாபாரி கிட்டே வந்து, "கண்ணுல புரையா இருக்கும் அண்ணே. வேலூர்ல ஆபரேஷன் பண்ணா சரியாயிடும், பேஜார் படாதீங்க" என்றார். இவர் தலையாட்டினார். பைக்கிடம் போய்ச் சாவியைப் போட்டார். போட்டவர் ஏறி உட்காராமல் அப்படியே நின்றார். பிறகு சாவியை உருவி என் கையில் கொடுத்து, "ஆட்டோ புடி" என்றார்.

ஆட்டோவில் ஏறினோம். மார்க்கெட்டைத் தாண்டும்போது என் புடவை முந்தானையை எடுத்து மடிமேல் போட்டு, இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தார். தீபாவளிக்கு எனக்கென்று நெய்யச் சொல்லி அவர் கொடுத்தது. "உனக்கு அரக்குதான் எடுப்பா இருக்கும்" என்று சொல்லித்தான் கொடுத்தார். எனக்கு அது அரக்காகத் தெரியவில்லை. நிறம் பற்றி அவரிடம் எதிர்த்துப் பேசி ஜெயிக்க முடியுமா என்று வாங்கி வைத்துக்கொண்டேன்.

"இது இன்னா கலரு?" என்று கேட்டார்.

"கத்திரிப்பூங்க."

"அரக்கு இல்லையா?"

"இல்லைங்க."

முந்தானையை என் மடியில் திருப்பிப் போட்டார். "உனக்கு எடுக்குதா?"

"நல்லா எடுக்குதுங்க."

"நீ சொன்னா சரிதான்" என்றார்.

கல்யாணமான நாளிலிருந்து அந்த ஒரு வார்த்தைக்காக அவரோடு சண்டை போட்டிருக்கிறேன். அன்றைக்கு அதை அவர் வாயால் கேட்க எனக்குச் சகிக்கவில்லை.