பதினேழாவது மரம்

டார்லா நியமெலாவுக்கு என்ன வேலை என்று எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். "அவளா? ரெண்டு படத்தப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பா."

பொய்யில்லை. சாலை அலுவலகத்தின் கூரையில் ஏரியைப் பார்த்தபடி ஒரு கேமரா இருக்கிறது. குளிர்காலம் முழுக்கப் பத்து நிமிடத்துக்கு ஒரு படம் எடுக்கும். நேற்று ஒரு மணிக்கு எடுத்த படத்தின்மேல் இன்று ஒரு மணிக்கு எடுத்ததை வைத்து, டார்லாவின் கம்ப்யூட்டர் ஒப்பிட்டுப் பார்க்கும். மாறாத இடமெல்லாம் கறுப்பு. மாறிய இடம் சிவப்பு. அதைப் பார்த்து டார்லா "சரி" என்று சொன்னால்தான் உறைந்த ஏரியின்மேல் வண்டி ஓடும். ஏரிக்கு நடுவே உள்ள தீவில் இருப்பவர்களுக்கு ஜனவரியிலிருந்து மார்ச் வரை அந்தப் பனிதான் ரோடு.

கிறிஸ்துமஸ் முடிந்ததும் வீட்டு மரங்களைக் கொண்டுபோய், பனியில் துளை போட்டு, அந்தப் பாதையோரம் வரிசையாக நட்டுவிடுவோம். முப்பத்து மூன்று மரங்கள். வண்டி ஓட்டுகிறவர்கள், பனி உடைந்தால் வெளியே குதிக்க வசதியாக, ஜன்னலை இறக்கி, பெல்ட்டைக் கழற்றிவிட்டு, மரங்களை வாய்விட்டு எண்ணிக்கொண்டே போவார்கள். எண்ணாமல் போனால் ஏரி எண்ணிக்கொள்ளும் என்பது எங்கள் ஊர்ப் பேச்சு.

பதினேழாவது மரம் நட்டநடுவில் நிற்கும். எந்தக் கரையிலிருந்து எண்ணினாலும் அது பதினேழுதான். இருபத்தாறு வருடமாக அந்த இடத்தை டார்லா யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. பனி உடைந்து, அவள் தம்பி ரெய்னோ பனிவண்டியோடு உள்ளே போன இடம் அது. வண்டி கிடைத்தது. ரெய்னோ கிடைக்கவில்லை. பிணமில்லாத வீட்டில் அழுகை முடிவதே இல்லை. ஆண்டுதோறும் தன் வீட்டு மரத்தை அங்கே ஊன்றிவிட்டு, கையுறையைக் கழற்றிப் பனியை ஒருமுறை தடவிவிட்டு வருவாள்.

இந்த வருடத்து மரத்தில் ஒரு கிளை மட்டும் மேலே தூக்கி நின்றது. டார்லாவின் ஒரே மகள் மார்னி, தீவு கிளினிக்கில் நர்ஸ், அதைப் பார்த்துச் சிரித்தாள். "என்னம்மா இது, பதில் தெரிஞ்ச புள்ள மாதிரி கையத் தூக்கிக்கிட்டு நிக்குது!"

மரங்கள் காற்றில் ஆடும். ஆடினால் தினமும் வீணாகச் சிவப்பு காட்டும். அதனால் மரங்களின்மேல் கட்டம் போட்டு மறைத்துவிடுவது வழக்கம். மறைத்த இடத்தைக் கம்ப்யூட்டர் பார்க்காது. டார்லா முப்பத்திரண்டு மரங்களை மறைத்தாள். பதினேழாவதை மட்டும் மறைக்க அவளுக்குக் கை வரவில்லை.

பிப்ரவரியில் காற்றே இல்லாத ஒரு வாரம் வந்தது. புகைபோக்கிப் புகை நூல் பிடித்தாற்போல் நேராக மேலே போனது. அப்போதும் கறுப்புத் திரையின் நடுவில் எள்ளளவு சிவப்பு. மறுநாளும் அதே இடத்தில். அதற்கு மறுநாளும்.

எங்கள் மேலதிகாரி கோர்டி எட்டிப் பார்த்தார். "என்ன டார்லா, தம்பி டாட்டா காட்டுறானா?"

"வாய மூடு கோர்டி."

"பதிலுக்கு நீயும் கைய ஆட்டு. ஒரு மரியாதைக்காவது."

எல்லோரும் சிரித்தார்கள். பக்கத்து மேசையில் இருந்த நானும் சிரித்தேன்.

ஆறு நாள் ஆனது. டார்லா ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார ஆரம்பித்தாள். ஒரு நாள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "இருபத்தாறு வருஷம் சும்மா கெடந்தவன், இப்ப எதுக்கு என்னைக் கூப்பிடறான், ஜோன்?"

"அதையும் மூடிடு டார்லா. நிம்மதியா தூங்குவ" என்றேன். ஆம், நான்தான் சொன்னேன்.

மூடினாள். திரை முழுக்கக் கறுப்பு.

மூன்று நாள் கழித்து, வியாழக்கிழமை. ஒரு மணிப் படம் வந்தது. 'வித்தியாசம் எதுவும் இல்லை' என்றது கம்ப்யூட்டர். டார்லா கண்ணெடுக்காமல் அதையே பார்த்தாள்.

"ஏரி இவ்வளவு அமைதியா இருக்காது" என்று முணுமுணுத்தவள், பதினேழாவது மரத்தின் மறைப்பை எடுத்தாள். சிவப்பு இப்போது கட்டைவிரல் அகலம் இருந்தது. அடுத்து அவள் செய்தது யாரும் செய்யாதது. நேற்றைய படத்தை நீக்கிவிட்டு, மரம் நட்ட அன்று எடுத்த படத்தை வைத்து ஒப்பிட்டாள்.

திரையில் இரண்டு மரங்கள் சிவப்பாக நின்றன. அன்று நின்றது மேலே. இன்று நிற்பது முழங்கால் உயரம் கீழே.

"கோர்டி!" அவள் கத்தியதில் என் காபி சிந்தியது. "அவன் கைய ஆட்டல! மரம் உள்ள போயிக்கிட்டிருக்கு! தெனமும் மயிரிழை மயிரிழையா... நேத்துப் படத்தையும் இன்னிக்குப் படத்தையும் வச்சுப் பாத்தா ஆடற மாதிரிதான தெரியும்!"

கோர்டி கோட்டுகூடப் போடாமல் பனிப்பாதையின் தடுப்பை இறக்க ஓடினார். நான் தீவு கிளினிக்குக்குப் போன் போட்டேன்.

"மார்னியா? இன்னிக்கு அவளுக்கு அரை நாள்தானே. கெளம்பி அஞ்சு நிமிஷம் ஆச்சே" என்றார்கள் அங்கே.

மார்னியின் போன் அடித்து அடித்து ஓய்ந்தது. பனியின்மேல் எண்ணிக்கொண்டு போகிறவர்கள் போனை எடுப்பதில்லை.

அடுத்த படம் ஒன்று பத்துக்கு. அதுவரை செய்வதற்கு ஒன்றுமில்லை. பெற்ற வயிறு அந்த நிமிடங்களை எப்படித் தாங்கியதோ! டார்லா திரையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் இருப்பவரிடம் பேசுவதுபோலப் பேசினாள். "ரெய்னோ... நீ பாக்காத பொண்ணுடா அவ. உன் மூக்குடா அவளுக்கு. விட்டுருடா..."

படம் வந்தது.

ஏரியின் நடுவில் ஒரு கரிய பள்ளம். பதினேழாவது மரம் இல்லை. பள்ளத்துக்குக் கொஞ்சம் முன்னால், தீவுப் பக்கம், மார்னியின் நீல வண்டி நின்றிருந்தது.

கால் மணி கழித்துத் தீவுக் கரையிலிருந்து அவளே கூப்பிட்டாள். "அம்மா, எண்ணிக்கிட்டே வந்தேன். பதினாறு சொன்னேன். அடுத்த மரத்தக் காணோம். தூரத்துல அதுக்கப்புறம் இருக்கறதுதான் தெரிஞ்சுது. வாயில பதினேழு வரவே இல்லம்மா. கால் தானா பிரேக்குல போயிருச்சு. அப்படியே பின்னாடி ஓட்டிட்டு வந்துட்டேன்."

டார்லா போனைக் காதோடு அழுத்திக்கொண்டு தேம்பினாள்.

"அடியில நீரோட்டம் தடம் மாறியிருக்கு. அவ்வளவுதான்" என்றார் கோர்டி. அவரை யாரும் கேட்கவில்லை.

அறிக்கைக்காக, ஒரு மணிப் படத்தையும் ஒன்று பத்துப் படத்தையும் டார்லா ஒப்பிட்டாள். வந்து சேர்ந்ததும் சிவப்பு, இல்லாமல் போனதும் சிவப்பு. கம்ப்யூட்டருக்கு இரண்டும் ஒன்றுதான். கறுப்பின் நடுவே மார்னியின் வண்டி ஒரு சிவப்புச் சதுரமாகத் தெரிந்தது. அதற்கு நேர் எதிரே, காலடியில் சிவப்பு வட்டத்தோடு, ஒல்லியாக ஓர் உருவம். ஒரு கை மேலே தூக்கியிருந்தது.

கோர்டி தொப்பியைக் கழற்றினார். "டார்லா... இது மரம்தான?"

"மரம்தான்."

சொல்லிவிட்டு, அவள் மெல்லத் தன் வலது கையைத் தூக்கித் திரையைப் பார்த்து ஆட்டினாள்.